சிவப்பு பூட்ஸும் நான்காவது முறையும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையின் கரு என் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. ஒரு ஜோடி பனிச்சறுக்கு பூட்ஸ். சிவப்பு நிறம், முப்பத்தெட்டாம் அளவு. இடது பூட்ஸின் மேல் கொக்கி உடைந்துபோய், அந்த இடத்தில் கம்பியை வளைத்து மாட்டியிருக்கிறது. இரண்டாம் மாடியில் இருக்கும் தூரான் கானுமுடையது; கானும் என்றால் இங்கே அம்மா என்கிற மரியாதை. நான் திருடவில்லை. அவர்தான் கொடுத்தார். கொடுத்தார் என்கிற சொல்லில்தான் சிக்கலே.

இன்று வியாழக்கிழமை, மணி மூன்றரை. நாளை காலை ஐந்தரைக்குத் தெருமுனையிலிருந்து திஸீன் மலைக்குப் பஸ். இந்த பூட்ஸ் யாருடைய பையில் பஸ் ஏறப்போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததை எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது என் பழைய நம்பிக்கை. பெரும்பாலும் அது பலித்ததில்லை. ஆனாலும் உட்கார்ந்துவிட்டேன்.

2

தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

(அ) “மலையில் பனி விழுந்த மறுநாள் தெஹ்ரான்…” [நிறுத்திவிட்டேன். பனியில் தொடங்கும் கதை என்றால் எனக்கே கொட்டாவி வருகிறது.]

(ஆ) “ஐம்பத்தொரு வயதில் முதன்முதலாகப் பனிச்சறுக்குக்குப் போகத் துணிந்த ஒரு பெண்மணி, தன் காலுக்குப் பொருத்தமான…” [பெண்மணி நான்தான். பத்தொன்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலை. ஒரு தடவைகூட ஏறியதில்லை. அலுவலகத்துச் சின்னப் பெண்கள் கேலி செய்ததில் ரோஷம் வந்து, பஸ்ஸில் இடம் போட்டுவிட்டேன். இதைக் கௌரவமாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.]

(இ) “தூரான் கானும் எதையும் நேராகப் பைக்குள் வைக்க மாட்டார். முதலில் கம்பளத்தின் மேல் ஆள் செய்வார்.” [இது இருக்கட்டும்.]

3

ஆள் செய்வது என்றால் இப்படி. கம்பளத்தின் தலைமாட்டில் கம்பளித் தொப்பி. அதன் கீழே பனிக்கண்ணாடி. பிறகு கைகளை விரித்தபடி கோட்டு. கோட்டுக்குள் போட்டுக்கொள்ளும் வரிசையிலேயே கம்பளிச் சட்டை, மெல்லிய பனியன். கோட்டுக் கைகளின் முனையில் கையுறைகள். வலது பையில் வெயில் களிம்பு, இடது பையில் பேரீச்சம்பழம். இடுப்புக்குக் கீழே தடித்த கால்சட்டை, அதன் முனையில் மெல்லிய காலுறை ஒரே ஒரு ஜோடி, காலுறைக்கு அடியில் பூட்ஸ். ஒரு ஆள் முழுசாக மல்லாந்து படுத்திருப்பார். தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்தால் போதும், எது விட்டுப்போனது என்று தெரிந்துவிடும். அதன் பிறகுதான் எல்லாம் பைக்குள் போகும்.

முப்பது வருடத்துக்கு மேல் பெண்கள் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் தூரான் கானும். ஒரு பட்டியல் எழுதினால் வேலை சுலபமாயிற்றே என்று ஒரு முறை கேட்டேன்.

“பட்டியல்ல கையுறைன்னு எழுதிட்டா, கையுறை இருக்குன்னு மனசு நம்பிடும்,” என்றார். “ஆளுக்குக் கை இல்லன்னா கண்ணு உறுத்தும், அமுதா ஜான்.” அமுதா நான்; ஜான் என்பது பிரியத்துக்குப் பெயரோடு ஒட்டுவது.

இரண்டு வருடமாக அவர் ஒரே ஒரு ஆளைத்தான் செய்துவந்தார். அது அவர் கணவர் ஈரஜ் ஆகா; ஆகா என்பது ஆண்களுக்கான கானும். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பனிக்காலத்தில் வெள்ளிக்கிழமை தவறாமல் மலைக்குப் போகிறவர். முன்பெல்லாம் இரண்டு ஆட்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருப்பார்களாம். நான் கேள்விப்பட்டதுதான். தூரான் கானும்தான் அந்தச் சரிவுகளில் கணவரைவிட வேகம் என்றும் கேள்வி. இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தச் சரிவில் தூரான் கானும் விழுந்தார். முழங்காலில் அறுவை சிகிச்சை, ஐந்து மாதம் கைத்தடி. அதோடு அவருடைய ஆள் கம்பளத்தை விட்டு எழுந்து பரணுக்குப் போய்விட்டார்.

[கடைசி வாக்கியம் கொஞ்சம் அலட்டல். அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருந்துவிட்டுப் போகட்டும்.]

4

நேற்று புதன்கிழமை மாலை, கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கக் கீழே போனேன். போன வாரம் தூரான் கானும் ஆஷ் என்கிற கீரைக் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தனுப்பிய கிண்ணம் அது. வெறுங்கிண்ணமாகத் திருப்பக் கூடாதே என்று முறுக்கு சுட்டு நிரப்பியிருந்தேன். வாசலுக்கு உள்ளே, செய்தித்தாள் விரித்து, இந்த பூட்ஸை நிறுத்தியிருந்தார்கள். புதிதாகத் துடைத்த பளபளப்பு.

“என்ன அழகான சிவப்பு,” என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

“பீஷ்கேஷ். உங்களுக்கே, அமுதா ஜான்,” என்றார் தூரான் கானும்.*

“ஐயோ, வேண்டாங்க.”

“உங்க காலுக்குத்தான் பொருத்தம். எடுத்துக்குங்க.”

“உங்ககிட்ட இருக்கிறதுதான் அதுக்கு அழகு.”

“என்ன பெரிய பொருள். பழசு. கொண்டு போங்க.”

“வேணவே வேணாம், தூரான் கானும்.”

அத்தோடு முடிந்தது. உள்ளே போய்த் தேநீர் குடித்து, முறுக்கில் காரம் போதுமா என்று பேசிவிட்டு மேலே வந்திருப்பேன். அப்போதுதான் ஈரஜ் ஆகா உள்ளேயிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“கொண்டு போங்க, அமுதா கானும். நாளன்னைக்கு மலைக்குப் போறீங்களாமே. இங்க சும்மாதானே கெடக்கு. என் உயிர் மேல ஆணை, கொண்டு போங்க.”

சொன்னதோடு நிற்கவில்லை. குனிந்து, ஒரு பிளாஸ்டிக் பையில் பூட்ஸைப் போட்டு, என் கையில் மாட்டிவிட்டார். தூரான் கானும் முறுக்குக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். என்னைப் பார்த்துச் சிரித்து, “நல்லபடியா போட்டுக்குங்க,” என்றார்.

* பீஷ்கேஷ் என்றால் காணிக்கை. பெரிய விளக்கம் வேண்டியதில்லை. ஒரு பொருளைப் புகழ்ந்தால் உடையவர் அதைக் கொடுக்க வேண்டும். புகழ்ந்தவர் மறுக்க வேண்டும். மூன்று முறை கொடுப்பதும் மூன்று முறை மறுப்பதும் வெறும் உபசாரம். யாருக்கும் எதுவும் நஷ்டமில்லை. நான்காவது முறையும் கொடுத்தால், அது நிஜமாகவே கொடுப்பது. அப்படித்தான் எனக்குச் சொல்லித் தந்தார்கள். நேற்று மாலை அது எனக்கு வசதியாகவும் இருந்தது. நான்காவது முறை சொன்னவர் பூட்ஸுக்கு உடையவர் இல்லையே என்று யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. யோசிக்கவில்லை. பூட்ஸ் அவ்வளவு சிவப்பாக இருந்தது.

5

இன்று காலை தூரான் கானும் போன் செய்தார். “உங்க சாமானையெல்லாம் தூக்கிட்டுக் கீழ வாங்க. ஆள் செஞ்சு பாத்துடலாம். மொத தடவை போறவங்க எதையாவது மறப்பாங்க.”

எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனேன். பூட்ஸையும்தான்.

கம்பளத்தில் ஏற்கெனவே இரண்டு ஆட்கள் படுத்திருந்தார்கள். ஒன்று ஈரஜ் ஆகா, நீலக் கோட்டு. இன்னொன்று பச்சைக் கோட்டு. தொப்பி இருந்தது, கண்ணாடி இருந்தது, கையுறைகள் இருந்தன. கால்சட்டையின் முனையில் சாம்பல் நிறக் காலுறை இருந்தது. காலுறைக்கு அடியில் வெறும் கம்பளம்.

[இந்த இடத்தில் என் மனநிலையை வர்ணித்து ஆறு வரி எழுதினேன். எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.]

“நீங்களும் வர்றீங்களா?” என்றேன்.

“செவ்வாக்கிழமை டாக்டரப் பாத்தேன். ஒரு நாள் போயிட்டு வாங்கன்னார். ஒரே ஒரு நாள், சின்னச் சரிவு மட்டும். ரெண்டு வருஷமா இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவர் வாயையே பாத்துட்டிருந்தேன்.”

“சொந்த பூட்ஸா இருந்தாத்தான்னு சொன்னார்.” ஈரஜ் ஆகாவின் குரல் சமையலறையிலிருந்து வந்தது. ரொட்டிக்குள் கீரை ஆம்லெட்டும் ஊறுகாய் வெள்ளரியும் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். “வாடகை பூட்ஸ் முழங்காலைத் திருப்பிடும்னார். அதையும் சொல்லு.”

“நீ ரொட்டியப் பாரு, ஈரஜ். ஒண்ணுலயும் உப்பு போட்டிருக்க மாட்ட.”

நான் பூட்ஸை எடுத்து நீட்டினேன். “தூரான் கானும், இது உங்களோடது. நீங்க…”

“கொடுத்ததைத் திரும்ப வாங்கறதா? நான் என்ன சின்னப் பிள்ளையா?” பூட்ஸை வாங்கினார். வாங்கி, பச்சை ஆளைத் தாண்டிப் போய், அதற்குள் என் சாமானை வைத்து மூன்றாவதாக அவரே செய்து முடித்திருந்த என் ஆளின் காலடியில் ஜோடியாக வைத்தார். இடது வலது மாறாமல் வைத்தார். “இந்தக் கம்பிய ரொம்ப இறுக்காதீங்க, கணுக்கால் மரத்துப்போகும். போட்டுக் காமிங்க.” போட்டுக் காட்டினேன். குதிகாலில் விரலை விட்டுப் பார்த்தார். “அளவெடுத்த மாதிரி இருக்கு,” என்றார்.

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். சந்தோஷம்தான் இருந்தது, கொஞ்சம் கிழிசலான சந்தோஷம். ஒரு நல்ல பூட்ஸுக்கு நல்ல கால் கிடைத்ததில் நிஜமாகவே ஒரு திருப்தி. இப்படிப்பட்டவரை நான் என்ன செய்வது?

6

கதையில் ஈரஜ் ஆகாவை முதலில் வில்லனாகத்தான் எழுதியிருந்தேன். ஒரு பக்கம் முழுக்க. மனைவியின் ஆசையை உபசாரத்தின் பேரால் பறித்த சூழ்ச்சிக்காரர், சுயநலக்காரர், இத்யாதி. நன்றாகவே வந்திருந்தது. எழுதி முடிக்கும்போது கதவு தட்டினார்கள். சூழ்ச்சிக்காரர் கையில் மூன்று ஆரஞ்சுப் பழத்தோடு நின்றார்.

“பஸ்ல சாப்பிட,” என்றார். பழத்தைக் கொடுத்த பிறகும் போகவில்லை. “அமுதா கானும், நாளைக்கு நீங்க அந்த பூட்ஸைக் கண்டிப்பா போட்டுக்கணும்.”

“அப்ப தூரான் கானும் வர முடியாதே.”

“அதுக்குத்தான்.”

உள்ளே வரச் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

“டாக்டர் சொந்த பூட்ஸ்னு சொன்னதும் எனக்கு மூச்சு வந்துச்சு. வீட்ல வந்து எப்படியாவது ஒளிச்சு வைக்கலாம்னு பாத்தேன். கை வரல. நீங்க வந்து அழகா இருக்குன்னீங்க. கடவுளா பாத்து அனுப்பினார்னு நெனச்சேன்.”

“அவங்களுக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறீங்களா?”

“அவளுக்கா? கணக்கு டீச்சர். நான் என் உயிர் மேல ஆணைன்னப்பவே தெரிஞ்சிருக்கும். வாயத் திறந்து கேக்க மாட்டா. மொதல்ல எடுத்துக்குங்கன்னு சொன்னது அவதானே.” தலையைக் குனிந்து தன் காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அவ விழுந்த அன்னைக்குக் கத்தியிருந்தாத் தாங்கியிருப்பேன். கத்தல. பலகையில கட்டி எறக்கறாங்க. நான் பக்கத்துலயே விழுந்து எழுந்து வர்றேன். என்னப் பாத்து, ‘ஈரஜ், பிளாஸ்க் மூடிய மேலயே விட்டுட்டோம்’கிறா. முகம் சுண்ணாம்பு மாதிரி இருக்கு. மூடியப் பத்திப் பேசறா.”

“நீங்க மட்டும் வாரா வாரம் போறீங்க.”

“நான் விழுந்தா அவ இருக்கா. அவ விழுந்தா…”

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. எழுத்தாளர் என்கிற உரிமையில் நான் முடித்திருக்கலாம். மனம் வரவில்லை.

அவர் போன பிறகு அந்த ஒரு பக்கத்தையும் கிழித்தேன். வில்லன் இல்லாத கதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்தபடி ஒரு ஆரஞ்சைத் தின்று தீர்த்தேன்.

7

முடிவுகள்.

ஒன்று. நான் கீழே போய், “பூட்ஸ் கடிக்குது, வேண்டாம்,” என்கிறேன். [நடக்காது. குதிகாலில் விரல் விட்டுப் பார்த்தவரிடம் இந்தப் பொய் எடுபடாது. போதாததற்கு, உங்கள் பொருள் சரியில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதாகவும் ஆகும்.]

இரண்டு. நாளை நான் அந்த பூட்ஸோடு பஸ் ஏறுகிறேன். ஈரஜ் ஆகாவும் ஏறுகிறார். தூரான் கானும் வாசலில் நின்று, போகிறவர்கள் நல்லபடியாகத் திரும்பி வர, எங்கள் முதுகுக்குப் பின்னால் தெருவில் ஒரு கிண்ணம் தண்ணீர் ஊற்றுகிறார். எப்போதும் செய்வதுதான். இந்தத் தடவை அந்தத் தண்ணீர் எனக்கும் சேர்த்து. [இதுதான் நடக்கக்கூடிய முடிவு. தண்ணீர் ஊற்றிவிட்டு அவர் திரும்பி மாடிப்படி ஏறுவதை எழுத ஆரம்பித்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. “காலியான கிண்ணத்தோடு அவர் ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப்” – இங்கேயே கிடக்கட்டும்.]

மூன்று. மூன்றாவதைத் தேடித்தான் எழுதியதையெல்லாம் மறுபடி படித்தேன். நான்காம் பகுதியின் அடிக்குறிப்பில் நின்றேன். ஒரு பொருளைப் புகழ்ந்தால் உடையவர் அதைக் கொடுக்க வேண்டும்.

இப்போது உடையவள் நான்.

பேனாவை வைத்துவிட்டுப் போன் செய்தேன். “ஒரு வாய் தேநீருக்கு மேல வாங்களேன். ரெண்டு பேரும்.”

8

வந்துவிட்டார்கள். பூட்ஸை நான் வரவேற்பறைக் கம்பளத்தின் நட்டநடுவில் நிறுத்தியிருந்தேன். கல்யாணப் பெண்ணை உட்கார வைத்தது போல இருந்தது. கூச்சமே இல்லாத ஏற்பாடு.

தூரான் கானும் முன்னால் வந்தார். இடது காலைக் கொஞ்சம் கவனமாக ஊன்றினார். பின்னால் ஈரஜ் ஆகா. அவர் கையில் ஒரு கறுப்புப் பை, காலி. ஜிப் திறந்து வாயைப் பிளந்திருந்தது.

“பூட்ஸைப் பிளாஸ்டிக் பையில போட்டுத் தூக்கிட்டா போவீங்க?” என்றார் தூரான் கானும். “இது அதோட பை. அதுவும் உங்களுக்குத்தான். ஈரஜ், கொடு.”

ஈரஜ் ஆகா கொடுக்கவில்லை. பூட்ஸைப் பார்த்துவிட்டார்.

தூரான் கானும் சோபாவில் உட்கார்ந்தார். அவரும் பூட்ஸைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கணக்கு டீச்சரின் பார்வை. விடையை எப்படிக் கண்டுபிடித்தாய், வழியைக் காட்டு என்று கேட்கிற பார்வை. அப்புறம் நிதானமாகச் சொன்னார்.

“என்ன அழகான சிவப்பு.”

“பீஷ்கேஷ்,” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. “உங்களுக்கே, தூரான் ஜான்.”

“ஐயோ, வேண்டாங்க.”

“உங்க காலுக்குத்தான் பொருத்தம். எடுத்துக்குங்க.”

“உங்ககிட்ட இருக்கிறதுதான் அழகு, அமுதா ஜான்.” அவர் உதடு துடித்தது. சிரிப்பா என்று தெரியவில்லை.

“பழசுதான். கொண்டு போங்க.”

“வேணவே வேணாம்.”

மூன்று முறை ஆயிற்று. நான்காவதைச் சொல்ல வாயைத் திறந்தவள், மூடிக்கொண்டேன். நேற்று நான்காவது முறை சொன்னவர் வேறு ஒருவர். அவர் கையில் பையோடு கதவருகே நின்றார். நான் சொன்னால் பூட்ஸ் மட்டும்தான் கீழே போகும். அவர் சொன்னால்தான் தூரான் கானும் மலைக்குப் போக முடியும். தூரான் கானும் கணவர் பக்கம் திரும்பவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு, பரீட்சை அறையில் நேரம் பார்க்கிறவர் போலக் காத்திருந்தார்.

ஈரஜ் ஆகா தொண்டையைச் செருமினார்.

“தேநீர் கொண்டு வரேன்,” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்கு ஓடி வந்துவிட்டேன்.

9

இதைச் சமையலறை மேடையில் நின்றபடி எழுதுகிறேன். தேநீருக்கு நிறம் இறங்கப் பத்து நிமிடம் ஆகும். ஜன்னலில் மலை தெரிகிறது, மேலே இன்னும் வெயில் இருக்கிறது. வரவேற்பறையில் ஏதோ பேச்சு. என்ன என்று காதில் விழவில்லை. கேட்டிருந்தாலும் எழுதியிருப்பேனா என்பது சந்தேகம்.

ஏன் என்று கேட்டால், எனக்கு இரண்டு பேர் மேலேயும் பிரியம். தூரான் கானும் நாளை அந்தச் சின்னச் சரிவில் ஒரே ஒரு தடவை இறங்க வேண்டும், வெயில் முகத்தில் அடிக்க இறங்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. அவர் விழுந்தால், ஈரஜ் ஆகாவை நாளைக்குப் பிறகு எந்த முகத்தோடு பார்ப்பேன் என்று பயமாகவும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் எழுதும் எந்த முடிவும் ஒருவருக்குத் துரோகம். எனக்கு வாடகை பூட்ஸ் கிடைக்கும். அது கதையே இல்லை.

ஈரஜ் ஆகா சொன்னார்: “                                        ”

இடம் விட்டிருக்கிறேன். ஒரு வரிதான் கொள்ளும்.

[சற்று முன் ஜிப் இழுக்கும் சத்தம் கேட்டது. காலிப் பையை மூடினாலும் நிறைந்த பையை மூடினாலும் ஜிப்புக்குச் சத்தம் ஒன்றுதான்.]

மூன்று கண்ணாடித் தம்ளர், கட்டிச் சர்க்கரைக் கிண்ணம், மீதி இருந்த இரண்டு ஆரஞ்சு. தட்டு தயார். இதுவரை படித்த உங்களுக்கும் ஒரு தம்ளர் எடுத்து வைத்துவிட்டேன், ஆக நான்கு. என் இரண்டு கையும் தட்டில் இருப்பதால் வரவேற்பறைக்குப் போகும் வாசல் திரையை நீங்கள்தான் விலக்க வேண்டும். வாசலில் நின்று நீங்கள் முதலில், நீங்கள் முதலில் என்று மூன்று முறை சொல்லிக்கொண்டிருக்கிற வழக்கம் இங்கே உண்டு. நான் ஒரே தடவைதான் சொல்வேன், உபசாரத்துக்கும் சொல்லவில்லை.

நீங்கள் முன்னால் போங்கள்.